படைப்பணி மறுப்போரின் தோற்றமும் செய்தியின் போக்கும்

அறிவழகி:

மனச்சாட்சியின் பேரில் படைப்பணியை மறுப்பவர் ஒவ்வொருவரும் ஒரு காரணத்தை முன்வைக்கிறார். செய்தித்தாள் முதலில் பார்ப்பதோ அவருடைய உடலை. மறுப்பாளரின் தோளும் தாடியும் உடையும் முகமும் செய்தியின் போக்கை முடிவு செய்கின்றன என்பதும், அவர் சொன்ன காரணம் பிறகு அந்தத் தோற்றத்துக்கு ஏற்றபடி வாசிக்கப்படுகிறது என்பதும் என் கருத்து. இதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் சான்றுகளோடு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிரிட்டனிலிருந்து தொடங்குகிறேன். அங்கே 1916 ஜனவரியில் நிறைவேறிய படைச்சேவைச் சட்டம், கட்டாய ஆள்சேர்ப்பைக் கொண்டுவந்தபோதே மனச்சாட்சியின் பேரில் விலக்குக் கோரும் உரிமையையும் சேர்த்தே கொண்டுவந்தது. ஏறத்தாழ 16,000 பேர் அந்த வழியில் நின்றார்கள். அவர்களைப் பற்றிப் பொதுமக்கள் மனத்தில் பதிந்த உருவத்தைக் காண அந்நாளில் விற்பனையான கேலி அஞ்சலட்டை ஒன்றே போதும். ஒரு பக்கம் பருத்த உடலோடு ஒரு ஜெர்மன் படைவீரன். அவனுக்கு எதிரே மெலிந்த, ஒப்பனை செய்துகொண்டதுபோல் தோன்றும் ஓர் ஆண், உடலை வளைத்துக்கொண்டு, இனியும் இப்படிச் செய்தால் மணிக்கட்டில் அடித்துவிடுவேன் என்று செல்லமாகக் கடிந்துகொள்கிறான். போர் பற்றியோ கொலை பற்றியோ அந்த மனிதன் என்ன நினைக்கிறான் என்பதற்கு அட்டையில் இடமே இல்லை. அவனுடைய இடுப்பின் வளைவே வாதம் முழுவதையும் முடித்துவிடுகிறது.

இப்போது உண்மையான மனிதர்களைப் பாருங்கள். 1916இல் சில மறுப்பாளர்களை வலுக்கட்டாயமாகப் பிரான்சுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே படைநீதிமன்றம் 35 பேருக்கு மரண தண்டனை விதித்து, அதே மேடையில் அதைப் பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைத்து அறிவித்தது. அவர்களில் ஒருவரான நார்மன் கௌடி, சண்டர்லாந்து கால்பந்துக் கழகத்தின் இரண்டாம் அணியில் முன்கள ஆட்டக்காரர். ஒல்லியான, ஒடிந்துவிழுகிற மறுப்பாளர் என்ற அஞ்சலட்டை உருவத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பொதுமக்கள் நினைவில் நிற்பவர் எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ராச்சி. நீண்ட தாடியும் மெலிந்த உடலுமாக, காற்றடைத்த இருக்கைத் திண்டை ஊதி அதன்மேல் உட்கார்ந்து விசாரணைக் குழுவுக்குப் பதில் சொன்னவர் என்று அவரைப் பற்றி இன்றும் சொல்கிறார்கள். அவர் பின்னர் உடல்தகுதி இல்லை என்ற காரணத்தால்தான் விடுவிக்கப்பட்டார் என்பதை அந்தக் கதையைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் சேர்ப்பதில்லை. முன்பே வரைந்து வைத்த கேலிச்சித்திரத்துக்குப் பொருந்திய ஆள் நினைவில் தங்கினார். பொருந்தாத ஆட்டக்காரர் தங்கவில்லை.

மாறன்:

அறிவழகி அவர்கள் எடுத்துக்காட்டியவை உண்மையே. ஆனால் நோயின் அறிகுறியை நோயாக எடுத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. போர்க்காலத்தில் பெரும்பாலான செய்தித்தாள்கள் அரசின் பக்கம் நிற்கின்றன. மறுப்பாளரைச் சிறுமைப்படுத்துவது என்று முதலிலேயே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு கைக்கு எட்டுகிற கருவியை எடுத்துக்கொள்கிறார்கள். உடல் மெலிந்திருந்தால் உடல், பணக்காரராக இருந்தால் பணம், வேற்று மதத்தவராக இருந்தால் மதம்.

முகமது அலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் ஆள்சேர்ப்பு நிலையத்தில் பழைய பெயரைச் சொல்லி அழைத்தபோது அவர் ஓரடி முன்னே வர மறுத்தார். உலகத்திலேயே வலிமையான உடல் என்று அதே பத்திரிகைகள் எழுதிவந்த உடல் அது. உருவமே செய்தியை முடிவு செய்யும் என்றால் அவருக்கு மதிப்பல்லவா கிடைத்திருக்க வேண்டும்? குற்றச்சாட்டுப் பதிவாவதற்கு முன்பே, அதே நாளில், நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையம் அவருடைய உரிமத்தைப் பறித்தது. ஜூன் மாதத்தில் ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் விட்டுவிட்ட பெயரைப் பல பத்திரிகைகள் விடாமல் அச்சிட்டுக்கொண்டிருந்தன. இங்கே வேலை செய்தவை நிறமும் மதமும். உடலமைப்பு அவருக்கு உதவவும் இல்லை, கெடுதல் செய்யவும் இல்லை.

அறிவழகி:

மாறன் அவர்களே, நிறத்தை உடலிலிருந்து எப்படிப் பிரித்தீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. கண்ணில் படுகிற முதல் தோற்றமே அதுதானே. அது இருக்கட்டும், அலியைப் பற்றி நீங்கள் சொன்னது என் கருத்துக்கு எதிராகப் போவதாக நான் நினைக்கவில்லை.

மெலிந்த மறுப்பாளரிடம் எப்போதும் கேட்கப்படும் கேள்வி: உனக்குப் பயமா? அலியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை. உலக வாகையராக இருந்த குத்துச்சண்டை வீரர் சோனி லிஸ்டன் எதிரே இறங்கி நின்றவரைக் கோழை என்று எழுதினால் வாசகர் நம்பமாட்டார். ஆகவே கேள்வி இடம்மாறியது. இவ்வளவு வலிமை உள்ளவன் அதை நாட்டுக்குத் தர மறுப்பது எப்படி, இந்த நாடு கொடுத்த புகழையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு நன்றி மறப்பது எப்படி என்று கேட்டார்கள். மெலிந்தவர் கோழை, வலியவர் நன்றிகெட்டவர். இரண்டு பேரும் கொலை செய்யமாட்டேன் என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். உடல் மாறியதால் குற்றத்தின் பெயர் மாறியது.

அழகும் காப்பாற்றுவதில்லை. 1942இல் நடிகர் லூ அயர்ஸ் தம்மை மறுப்பாளர் என்று அறிவித்தபோது, சிகாகோ வட்டாரத்தில் திரையரங்குகள் அவர் படங்களைத் திரையிட மறுத்தன. அவர் கேட்டதோ ஆயுதம் ஏந்தாமல் காயம்பட்டவர்களுக்கு உதவும் பணி. அது பின்னர் அவருக்குக் கிடைத்தது, நியூ கினியாவிலும் பிலிப்பைன்ஸிலும் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார், பத்திரிகைகளின் தொனியும் தணிந்தது. தணிந்த காலத்தில் அவர் சீருடையில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அவருடைய கொள்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, உடை மாறியிருந்தது.

பூங்குழலி:

ஒரு சிறு குறிப்பு. ஒருவரின் தோற்றத்தை வைத்து அவருடைய மற்றப் பண்புகளையும் எடைபோடும் பழக்கத்தை உளவியலில் முதன்முதலில் அளந்து காட்டியவர்களில் ஒருவர் எட்வர்ட் தார்ன்டைக். 1920இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்கு அடிப்படையாக இருந்தவற்றில், அமெரிக்கப் படை அதிகாரிகள் தமக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கொடுத்த மதிப்பீடுகள் முக்கியமானவை. உடற்கட்டுக்கு நல்ல மதிப்பெண் பெற்றவரே அறிவுக்கும் தலைமைப் பண்புக்கும் நடத்தைக்கும் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார்; இவை தனித்தனிப் பண்புகளாக அளக்கப்பட்டிருந்தால் அவற்றுக்கிடையே அவ்வளவு நெருக்கம் இருக்க வாய்ப்பில்லை என்று அவர் காட்டினார். படையில் இருப்பவரையே உடலைப் பார்த்து எடைபோடும்போது, படைக்கு வர மறுத்தவரைப் பத்திரிகை உடலைப் பார்த்து எடைபோடுவதில் வியப்பில்லை. மாறன் சொல்வதுபோல முன்முடிவு இருந்தாலும், அந்த முன்முடிவு இல்லாத செய்தியாளரிடமும் இந்தப் பழக்கம் இருக்கும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இளங்கோ:

நான் ஒரு நாளிதழின் படப்பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இங்கே எல்லோரும் எழுத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். தோற்றம் செய்திக்குள் நுழையும் வாசல் படத்தேர்வுதான் என்பதால், அது நடக்கும் விதத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு மறுப்பாளர் நீதிமன்றத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி முகமைகள் அனுப்பும் வரிசையில் அவருடைய படங்கள் பல இருக்கும். ஒன்றில் அவர் வழக்கறிஞர் சொல்வதைத் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒன்றில் ஆதரவாளர்களைப் பார்த்துக் கையை உயர்த்தியிருப்பார். ஒன்றில் கண் இமைக்கும் நேரத்தில் எடுத்ததால் முகம் கோணியிருக்கும். ஒன்றில் தாயார் கன்னத்தைத் தடவிக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு பத்தி அகலமே இருந்தால் நெட்டுவாக்கில் வெட்டக்கூடிய படத்தைத் தேடுகிறோம். கையை உயர்த்திய படம் அதற்கு எளிதாகப் பொருந்திவிடும். வெட்டும்போது வழக்கறிஞரும் தாயாரும் வெளியே போய்விடுகிறார்கள், உயர்ந்த கை மட்டும் மிஞ்சுகிறது. மறுநாள் வாசகர் கடிதத்தில் இந்த ஆள் விளம்பரம் தேடுகிறான் என்று எழுதுகிறார்கள். அந்தக் கை உயர்ந்திருந்தது இரண்டு நொடி. யாருடைய சதியும் இதில் இல்லை. பத்தியின் அகலம், நேரம், கண்ணைக் கவர வேண்டும் என்ற கட்டாயம் ஆகியவைதான் இருந்தன. மாறன் அவர்கள் சொல்லும் முன்முடிவு இல்லாத நாளிலும் இது நடக்கும்.

இன்னொன்று கோப்புப்படம். ஒருவர் சிறையிலிருந்து விடுதலையான செய்திக்கு, அவரைக் கைது செய்த நாளில் எடுத்த படத்தைப் போடுவது எளிது, ஏனென்றால் அது ஏற்கெனவே சேமிப்பில் இருக்கிறது. மழிக்காத முகமும் உறங்காத கண்ணுமாக எடுத்த படம் அவருடைய நிலையான முகமாகிவிடுகிறது. கோப்புப்படம் என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் போடுகிறோம். அதற்குமேல் எதையும் சொல்வதில்லை.

மாறன்:

இளங்கோ எழுதியதைப் படித்தபின் முன்முடிவு ஒன்றே காரணம் என்ற என் நிலையைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் இந்த இழையில் மறுப்பாளரை வெறுமனே பார்க்கப்படுகிறவராகவே வைத்துப் பேசுகிறோம். அவர்களுக்கும் இது தெரியும். அவர்களும் தோற்றத்தைக் கையாண்டார்கள்.

1965 நவம்பர் 6 அன்று நியூயார்க் யூனியன் சதுக்கத்தில் ஐந்து பேர் தம் படைச்சேர்ப்பு அட்டைகளை எரித்தார்கள். அட்டையை அழிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் அப்போது சில மாதங்களுக்கு முன்புதான் வந்திருந்தது. அந்தப் படங்களில் அவர்கள் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, தலைமுடியை ஒழுங்காக வாரிக்கொண்டு, அலுவலகத்துக்குப் போகிறவர்களைப்போல நிற்கிறார்கள். கூட்டத்திலிருந்த ஒருவர் தீயணைப்புக் கருவியால் அவர்கள்மேல் நீரைப் பீய்ச்சியடித்தார். நனைந்த கோட்டோடு ஈர அட்டைகளை எரித்து முடித்தார்கள். நீண்ட தலைமுடியும் தாடியும் உள்ள இளைஞன் என்ற உருவம் வியட்நாம் போர் எதிர்ப்போடு எவ்வளவு ஒட்டிக்கொண்டுவிட்டது என்றால், இந்தப் படத்தை முதன்முறை பார்ப்பவர்கள் இவர்களை எதிர்த்தரப்பு என்றே நினைப்பார்கள்.

1968 மே 17 அன்று மேரிலாந்தின் கேட்டன்ஸ்வில்லில் படைச்சேர்ப்புக் கோப்புகளை எரித்த ஒன்பது பேரில் டேனியல், ஃபிலிப் பெரிகன் சகோதரர்கள் இருவரும் பாதிரியார்கள்; பாதிரியாருக்குரிய கழுத்துப்பட்டியோடு, முன்னரே தகவல் பெற்று வந்திருந்த செய்தியாளர்களின் கேமராக்களுக்கு முன் அதைச் செய்தார்கள். அலியும் அப்படியே. 1968 ஏப்ரல் மாத எஸ்குயர் இதழின் அட்டையில் அவர் வெள்ளைக் கால்சட்டையோடு, மார்பிலும் வயிற்றிலும் தொடையிலும் அம்புகள் தைத்திருக்க, புனித செபஸ்தியாரைப்போலத் தலையைப் பின்னே சாய்த்து நிற்கிறார். ஜார்ஜ் லோயிஸ் வடிவமைத்து கார்ல் ஃபிஷர் எடுத்த அந்தப் படத்துக்கு அவர் தாமே இசைந்து நின்றார். வலிமைக்குப் பெயர்பெற்ற உடலைத் துன்பத்துக்குரிய உடலாக மாற்றிக் காட்டிய அந்த ஒரு படம் செய்த வேலையைப் பல பக்கக் கட்டுரைகள் செய்திருக்குமா? தோற்றம் செய்தியைக் கெடுக்கிறது என்று சொல்லிவிட்டு, நமக்குப் பிடித்த தோற்றத்தை மட்டும் வரவேற்பது எப்படி?

கதிரவன்:

மாறன் கேட்டது சரியான கேள்வி. ஆனால் கோட்டு அணிந்து வரவும், அணிந்து வராமல் இருக்கவும் முடிந்தவர்களைப் பற்றியே அவர் பேசுகிறார். தம் தோற்றத்தை மாற்றிக்கொள்ள முடியாதவர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் அந்தத் தோற்றமே அவர்களுடைய நம்பிக்கையின் பகுதி. அவர்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். நான் இந்த விஷயத்துக்குள் வந்ததே அவர்களால்தான்.

1918இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலிருந்து டேவிட், மைக்கேல், ஜோசப் ஹோஃபர் என்ற மூன்று சகோதரர்களும் ஜேக்கப் விப்ஃப் என்பவரும் படைக்கு அழைக்கப்பட்டார்கள். நால்வரும் ஹட்டரைட்டுகள் என்ற கிறித்தவச் சமயப் பிரிவினர். போரில் பங்கெடுப்பதையும் படைச்சீருடை அணிவதையும் அவர்கள் பாவமாகக் கருதினார்கள். மணமான ஆண்கள் தாடி வைத்திருப்பதும் எளிய கறுப்பு உடை உடுப்பதும் அவர்களுடைய சமய ஒழுங்கு. அவர்கள் பேசிய மொழி ஜெர்மன் வழி வந்தது. ஜெர்மனியோடு போர் நடக்கும் காலத்தில் இப்படிப்பட்ட தோற்றமும் பேச்சும் உடைய ஒருவர் ரயிலில் ஏறினால் அவர் யார் என்று அறிமுகம் செய்ய வேண்டியதே இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த லூயிஸ் படைமுகாமுக்குச் செல்லும் ரயிலிலேயே, உடன் பயணம் செய்த மற்ற இளைஞர்கள் அவர்களைப் பிடித்துத் தாடியையும் முடியையும் கத்தரித்தார்கள். அதாவது, அவர்கள் எதையாவது மறுப்பதற்கு முன்பே தோற்றத்துக்கான தண்டனை தொடங்கிவிட்டது.

படைநீதிமன்றம் இருபதாண்டுத் தண்டனை விதித்து அல்கட்ராஸ் தீவுச் சிறைக்கு அனுப்பியது. அங்கே சீருடையைத் தரையில் வைத்துவிட்டு, உடுத்தினால் குளிரிலிருந்து தப்பலாம் என்ற நிலையில் ஈரமான நிலவறையில் விட்டார்கள். உள்ளாடையோடு இருந்தார்கள். இருகையும் மேலே கம்பியில் பிணைக்கப்பட்டிருந்தன. பின்னர் கான்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் லெவன்வொர்த்துக்கு மாற்றப்பட்டு, போர் முடிந்து மூன்று வாரத்துக்குள், ஜோசப்பும் மைக்கேலும் இறந்தார்கள். ஜோசப்பின் மனைவி வந்து சவப்பெட்டியைத் திறந்து பார்த்தபோது, உயிரோடு இருந்தவரை உடுத்த மறுத்த சீருடையை அந்த உடலுக்கு உடுத்தியிருந்தார்கள்.

அந்தச் சவப்பெட்டியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஊடகத்தின் நினைவும் வருகிறது. இங்கே படை செய்தது ஒரு படத்தை உருவாக்கும் வேலை. இறந்தவர் பேசமாட்டார், பார்ப்பவர் கண்ணுக்கு அவர் கடைசியில் இணங்கிவிட்ட படைவீரராகத் தெரிய வேண்டும். தாடியைக் கத்தரித்ததும் அதே வேலைதான். சிறையும் படையும் மறுப்பாளரின் தோற்றத்தை முதலில் தம் விருப்பப்படி மாற்றிவிடுகின்றன. அதன்பின் வருகிற செய்தியாளர் அந்த மாற்றப்பட்ட தோற்றத்தை அவருடைய குணமாக எழுதுகிறார். 1916இல் பிரிட்டனில் காக்கி உடுக்க மறுத்தவர்களின் உடைகளைக் களைந்துவிட்டுச் சீருடையை மட்டும் அருகில் போட்டு வைப்பது வழக்கமாக இருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஒருவனைப் பார்த்தால் பித்தன் என்றே தோன்றும். அந்தப் போர்வையை அவன் ஏன் சுற்றியிருக்கிறான் என்பதைச் சொல்லாமல் அந்தக் காட்சியை மட்டும் சொல்வது பொய்க்குச் சமம் என்பேன்.

இது பழங்கதையும் இல்லை. துருக்கியில் மெஹ்மத் தார்ஹான் 2005இல் கைதாகிச் சிவாஸ் படைச் சிறையில் வைக்கப்பட்டார். தன்பாலீர்ப்பாளர் என்பதால், அங்கே வழக்கத்தில் இருந்த மருத்துவச் சான்றிதழை வாங்கிக்கொண்டு விலக்குப் பெற்றிருக்கலாம். தம் உடலைச் சோதித்து நோய் என்று பெயரிடும் அந்தச் சான்றிதழை அவர் ஏற்கவில்லை, மறுப்பாளராகவே நின்றார். அவரைப் பிடித்து வைத்துத் தலைமுடியையும் தாடியையும் வலுக்கட்டாயமாக வெட்டினார்கள். அவர் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை சென்று, 2012இல் துருக்கிக்கு எதிராகத் தீர்ப்பானது. ஹோஃபர் சகோதரர்களுக்கும் இவருக்கும் நம்பிக்கையில் எந்த ஒற்றுமையும் இல்லை. கத்தரி மட்டும் ஒன்று.

பூங்குழலி:

கதிரவன் எழுதியதைப் படித்துச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

இதற்கு நேர்மாறாகச் சீருடையை விரும்பி உடுத்த மறுப்பாளரையும் வைத்துப் பார்க்கலாம். டெஸ்மண்ட் டாஸ் ஒல்லியானவர், துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்றவர், பயிற்சி முகாமில் கூட இருந்தவர்களால் துன்புறுத்தப்பட்டவர். ஆனால் சீருடை உடுத்தினார், வணக்கம் செலுத்தினார், ஒகினாவாவில் ஏறத்தாழ 75 பேரைச் செங்குத்துச் சரிவிலிருந்து கயிற்றால் இறக்கிக் காப்பாற்றினார். 1945 அக்டோபர் 12 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த படைவிருதை அணிவித்தார். மனச்சாட்சி மறுப்பாளராக நின்று அதை முதலில் பெற்றவர் அவர் என்பதால் அவரைக் கொண்டாடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் அதே ஆண்டில் வேறொரு படத்தொகுப்பையும் லைஃப் இதழ் வெளியிட்டது. பட்டினியின் விளைவுகளை ஆராய மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் நடத்திய சோதனைக்கு 36 மறுப்பாளர்கள் தம் உடலைத் தந்தார்கள். ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்து எடையில் ஏறத்தாழக் கால்பங்கை இழந்தார்கள். விலா எலும்புகள் தெரிய அவர்கள் நின்ற படங்களை நாடு பார்த்தது. போரால் பட்டினியில் கிடந்த மக்களுக்கு எப்படி உணவூட்டுவது என்பதை அறியவே அவர்கள் அப்படி மெலிந்தார்கள். மெலிந்த உடலைக் கோழையின் அடையாளமாகக் காட்டிய பத்திரிகை உலகத்திலேயே, காரணம் எழுதப்பட்டிருந்தபோது, அதே மெலிவு தியாகத்தின் அடையாளமாக வாசிக்கப்பட்டது. படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இதைக்கொண்டு எனக்குத் தோன்றுகிறது.

மாறன்:

இன்றைய நிகழ்வு ஒன்றுக்கு வருகிறேன். இஸ்ரேலில் இரண்டு வகை மறுப்பு ஒரே காலத்தில் நடக்கிறது. ஒன்று, ஆக்கிரமிப்பையும் போரையும் எதிர்த்துப் பள்ளிப் படிப்பை முடித்தவுடன் சிறைக்குச் செல்லும் இளைஞர்கள். 2016இல் தாயிர் கமினெர், 2023 டிசம்பரில் தால் மிட்னிக். மற்றது, சமயக் கல்வியைக் காரணமாகக் காட்டிப் படைக்குச் செல்ல மறுக்கும் ஹரெதி என்ற தீவிர மரபுவழி யூதச் சமூகத்தார். அவர்களுக்குத் தரப்பட்டுவந்த விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 25 அன்று தீர்ப்பளித்தது. முதல் வகையினரை உலக ஊடகம் ஒவ்வொருவராக, முகம் தெரிய, பெயரோடும் வயதோடும் காட்டுகிறது. இரண்டாம் வகையினரைக் கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாகச் சாலையை மறிக்கும் ஒரு திரளாக, தண்ணீர்ப் பீரங்கிக்கு முன்னால் காட்டுகிறது. அவர்களில் பலர் போரையே மறுப்பவர்கள் அல்லர், எனவே மனச்சாட்சி மறுப்பாளர் என்ற சொல் அவர்களுக்குப் பொருந்துமா என்று கேட்பதற்கு இடமுண்டு. அந்தக் கேள்வியை அவர்களுடைய காரணத்தைக் கேட்டுத்தானே தீர்க்க முடியும்? தொப்பிகளின் கூட்டத்தை மேலிருந்து எடுத்த படத்தில் கேட்பதற்கு ஒருவருமே இல்லை. தோற்றத்தால் ஒருவர் தனிமனிதராகிறார், மற்றவர் கும்பலாகிறார். இந்த இடத்தில் அறிவழகியின் கருத்தை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அறிவழகி:

நன்றி, மாறன். உங்கள் செபஸ்தியார் கேள்விக்கு நான் பதில் தர வேண்டும். அலி அந்தப் படத்துக்குத் தாமே நின்றார், எதைச் சொல்ல விரும்பினாரோ அதைச் சொல்ல நின்றார், படம் வெளிவந்த இதழில் அவருக்கு நேர்ந்தது என்ன என்பதும் வாசகருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் தம் உடலைத் தம் வாதத்துக்குப் பயன்படுத்துவதும், வேறொருவர் அதை அவருக்கு எதிரான வாதமாக்குவதும் சமமல்ல. ஆனால் இதில் எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. கோட்டு, பாதிரியார் உடை, அழகிய முகம், விருதுபெற்ற உடல் ஆகியவற்றைக் கொண்டு கவனம் பெறும் வழி திறந்திருக்கும் வரை, அவை இல்லாதவர் தம் காரணத்தோடு மட்டும் நிற்கிறார். அவரிடம் ஒருவரும் வருவதில்லை.

எரித்திரியாவில் பவுலோஸ் எயாசு, ஐசக் மொகோஸ், நெகெதெ தெக்லெமரியம் என்ற மூவர், படைப்பணியை மறுக்கும் கிறித்தவப் பிரிவான யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்தவர்கள், 1994 செப்டம்பர் 17 அன்று சிறைபிடிக்கப்பட்டார்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. 2020 டிசம்பரில்தான் விடுதலையானார்கள், இருபத்தாறு ஆண்டுகள். அலி மறுத்த நாளிலிருந்து உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்த 1971 ஜூன் 28 வரை நான்காண்டுகள். அந்த நான்காண்டில் எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டு நூலகம் ஒன்றை நிரப்பலாம். எரித்திரியாவின் சாவா படைமுகாமில் சிறைவைக்கப்பட்டிருந்த அந்த மூவரையும் படமெடுக்க எந்தச் செய்தியாளரும் உள்ளே போக முடியவில்லை. படம் இல்லாததால் பக்கத்தில் இடம் இல்லை. இளங்கோ, உங்கள் மேசைக்கு அந்த விடுதலைச் செய்தி வந்திருந்தால் என்ன செய்வீர்கள்?

கோதை:

இடையில் ஒரு சொல். நீங்கள் அனைவரும் எடுத்துக்காட்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1941 டிசம்பரில் பிரிட்டன் மணமாகாத இளம்பெண்களையும் கட்டாயச் சேவைக்கு அழைத்தது. மறுத்துச் சிறைசென்ற பெண்களும் உண்டு. கோழை என்ற வசை ஆண்மையைத் தொட்டே செய்யப்பட்டதால் அது இவர்களிடம் எடுபடவில்லை. அதற்கு மாற்றாக இவர்களைப் பொருட்படுத்தாமல் விடுவது எளிதாக இருந்தது. இன்று மறுக்கும் பெண்ணைப் பற்றிய செய்தியில் அவள் எவ்வளவு சிறியவளாக, எவ்வளவு மென்மையாகத் தோன்றினாள் என்ற வரி வருகிறது, அனுதாபத்தோடுதான் வருகிறது. சிந்தித்து ஒரு முடிவுக்கு வந்த ஒருத்தியைப் பாவம் என்று பார்க்கவைக்கும் அந்த வரியையும் நீங்கள் பேசும் பட்டியலில் வைத்தே பேச வேண்டும்.

இளங்கோ:

கோதை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். சிறியவள், மென்மையானவள் என்ற சொற்கள் படவிளக்கத்தில் வந்தால் அடித்துவிடலாம். படத்தைப் பார்ப்பவருக்கு அவை தேவையும் இல்லை.

அறிவழகியின் கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், படமில்லாத அந்தச் செய்தி உள்பக்கத்தில் நான்கு வரிச் சுருக்கமாகப் போயிருக்கும். வெறும் எழுத்தாக அதற்கு மேல் இடம் பெறுவது ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து வாதிட்டால்தான் நடக்கும், படப்பிரிவால் அதைச் செய்ய முடியாது. சாவா முகாம் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் ஒன்றை வைத்து அரைப் பக்கம் கேட்கலாம். நான் கேட்டிருப்பேன், ஏனென்றால் படம் எடுக்க விடவில்லை என்பதே அங்கே பெரிய செய்தி.

படம் இருக்கிற செய்திகளுக்கு இரண்டு காரியம் உடனே செய்யக்கூடியவை. படம் எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்பதோடு, அதில் அவர் இருக்கிற கோலம் யாரால் வந்தது என்பதையும் படவிளக்கத்தில் எழுதலாம்: சிறையில் முடி வெட்டப்பட்டது, சீருடையை மறுத்ததால் போர்வையோடு இருக்கிறார் என்று. எட்டுச் சொல் போதும், இடமும் இருக்கிறது. அடுத்தது, மறுப்பாளர் தம் வாயால் சொன்ன காரணத்தில் ஒரு வாக்கியத்தையாவது படத்துக்கு மிக அருகில் வைப்பது. பூங்குழலி காட்டிய மினசோட்டாப் படங்களில் வேலை செய்தது அதுவே.

கையை உயர்த்திய படத்தை நிறுத்தச் சொன்னால் மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவர் கையை உயர்த்தினார், அதுவும் நடந்ததே. அதை மட்டும் வெட்டி எடுக்காமல், பக்கத்தில் நின்ற வழக்கறிஞரையும் தாயாரையும் சேர்த்து இரண்டு பத்தி அகலத்தில் போடுவதற்குப் பக்க வடிவமைப்பாளரிடம் வாதாடுவேன். ஒவ்வொரு முறையும் வெல்லமாட்டேன், ஏனென்றால் அந்த இரண்டாவது பத்தியில் வேறொரு செய்தி காத்திருக்கும்.